மாத்திரை கைவிட்ட பிறகுதானே டி.பி.எஸ்.?

கேள்வி: 2025 ஜூன் 3

அப்பாவுக்கு வயது 66. பார்க்கின்சன் வந்து எட்டு வருடம். தஞ்சாவூர் பக்கம் இருக்கிறோம். ஒரு நாளைக்கு ஆறு வேளை சிண்டோபா (லெவோடோபா மாத்திரை). நரம்பியல் டாக்டர் "டி.பி.எஸ். பற்றி யோசித்து வையுங்கள்" என்கிறார். மூளைக்குள் கம்பி இறக்கி, நெஞ்சில் வைக்கும் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கிற ஆபரேஷனாம். மாமாவோ, "மாத்திரைதான் இன்னும் கேட்கிறதே, அதற்குள் எதற்கு மண்டையில் ஓட்டை? சுத்தமாகக் கேட்காமல் போகட்டும், அப்போது பார்க்கலாம்" என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. மாத்திரை கைவிட்ட பிறகு கடைசியாகச் செய்வதுதானே ஆபரேஷன்? செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

உங்கள் மாமா சொல்வது தலைகீழ், தம்பி. மாத்திரை சுத்தமாகக் கேட்காத ஆளுக்கு டி.பி.எஸ்.ஸும் கேட்காது. மாத்திரை கேட்கிறது, ஆனால் அடுத்த வேளை வரை நிற்க மாட்டேன் என்கிறது. அல்லது மாத்திரையின் வேகம் ஏறும்போது உடம்பு தாறுமாறாக ஆடுகிறது. இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கான மிஷின் அது.

நான் செய்துகொண்டவன். கோயமுத்தூரில் லேத் பட்டறை. நாற்பத்தெட்டு வயதில் வலது கையில் ஆரம்பித்தது, ஐம்பத்தேழில் ஆபரேஷன். டாக்டர் இல்லை. பட்டதையும் படித்ததையும் சொல்கிறேன், மீதியை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மாத்திரை நன்றாக ஏறியிருக்கும் நேரத்தில் அப்பா எப்படி இருக்கிறாரோ, ஏறக்குறைய அதுதான் இந்த ஆபரேஷன் தரக்கூடிய உச்சம். அந்த நல்ல நேரத்தை நாள் முழுக்க இழுத்துப் பிடிக்க மிஷின் பார்க்கும். அதைவிட நல்ல அப்பாவைத் தராது. மாத்திரை உச்சத்தில் இருக்கும்போதும் பேச்சு குழறுகிறதென்றால் ஆபரேஷனுக்கு அப்புறமும் குழறும். அப்போதும் தள்ளாடி விழுகிறார் என்றால் அப்புறமும் விழுவார்.

ஜூன் 4

"அதை எப்படி அளப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கென்றே ஒரு பரீட்சை இருக்கிறது. லெவோடோபா சேலஞ்ச் என்பார்கள். உங்கள் டாக்டர் இன்னும் அதைச் செய்யவில்லை என்றால் ஆபரேஷன் தேதி பற்றிய பேச்சையே எடுக்க வேண்டாம்.

முந்தின நாள் இரவோடு மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், பன்னிரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலையில் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். சட்டையில் மேல் பட்டன் போடாமல் இருந்தது. வீட்டுக்காரி போட்டுவிட வந்தாள். பிசியோதெரபிஸ்ட் பெண், "வேண்டாம்மா, அவரே போடட்டும்" என்றது. துளையைக் கண்டுபிடிக்கவே விரலால் முடியவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தட்டச் சொன்னார்கள். மூன்று நான்கு தட்டு ஓடும், அப்புறம் தட்டு சிறுத்துச் சிறுத்து நின்றுவிடும். குதிகாலைத் தரையில் தட்டு, கையைக் கட்டிக்கொண்டு எழு, நட, திரும்பு. கடைசியில் பின்னால் நின்று தோளைப் பிடித்து வெடுக்கென்று இழுத்து, எத்தனை அடி பின்னால் போகிறேன் என்று பார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண்.

அப்புறம் வழக்கமான காலை அளவைவிடக் கூடுதலாக ஒரே வேளையில் மாத்திரை. காத்திருந்தோம். முதலில் ஒரு கொட்டாவி, எனக்கு மாத்திரை ஏறுகிறது என்பதற்கு அதுதான் எப்போதும் முதல் அடையாளம். பிறகு செருப்புக்குள் சுருண்டு கிடந்த பெருவிரல் நிமிர்ந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து பட்டனை நானே போட்டுக்கொண்டேன். மறுபடியும் அதே பரீட்சை, முதலிலிருந்து.

முதல் மதிப்பெண்ணிலிருந்து 30 சதவீதமாவது குறைய வேண்டும் என்பது பெரும்பாலான இடங்களில் வைத்திருக்கும் கணக்கு. இங்கே மார்க் குறைந்தால்தான் பாஸ். நான் படித்த பள்ளிக்கூடத்தில் இந்த முறை இருந்திருந்தால் ஜில்லாவிலேயே முதலாவதாக வந்திருப்பேன்.

ஜூன் 4, மதியம்

மேலே சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நடுக்கம். சிலருக்கு எவ்வளவு மாத்திரை போட்டாலும் கை நடுக்கம் மட்டும் அடங்காது. அந்த நடுக்கம் டி.பி.எஸ்.ஸுக்கு அடங்குவதுண்டு. ஆகவே நடுக்கம்தான் பெரிய தொந்தரவு என்றால், மாத்திரை கேட்கவில்லை என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம்.

ஜூன் 7

அப்பா விழுகிறார், பேச்சும் தெளிவில்லை என்று இப்போதுதான் எழுதுகிறீர்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா, தம்பி? எல்லாமே இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

எப்போது விழுகிறார்? மாத்திரை இறங்கிய நேரத்திலா, ஏறியிருக்கும்போதா? "எப்போதும்தான்" என்று வீட்டில் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். ஒரு நோட்டு வாங்கிக் கட்டம் போடுங்கள். அரை மணிக்கு ஒரு கட்டம். நன்றாக இருந்தால் ஒரு குறி, கட்டிப்போட்ட மாதிரி இருந்தால் ஒரு குறி, உடம்பு ஆடினால் ஒரு குறி, விழுந்தால் வட்டம். மாத்திரை போட்ட நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் ஓரத்தில் எழுதுங்கள். சாப்பாடு எதற்கு என்றால், பருப்பு, பால், முட்டை, கறி இவற்றில் இருக்கும் புரதம் குடலிலேயே லெவோடோபாவோடு போட்டி போடும். மதியம் ரெண்டு மணி வேளை மட்டும் ஏறுவதே இல்லை என்று நான் டாக்டரிடம் புலம்பியிருக்கிறேன். நோட்டைப் பார்த்தவர், சாம்பார் சாதத்தோடு சேர்த்துப் போடுவதை நிறுத்தி அரை மணி முன்னால் போடச் சொன்னார். அதுவே பாதி வேலை செய்தது. ரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் தள்ளி வைக்க வேண்டும்.

இன்னொன்று. நோய் ஆரம்பித்த ஒன்றிரண்டு வருடத்துக்குள்ளேயே அடிக்கடி விழ ஆரம்பித்தாரா? படியில் இறங்கும்போது கண்ணைக் கீழே இறக்கிப் பார்க்கச் சிரமப்படுகிறாரா? எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்குகிறதா? அப்படியென்றால் அது பார்க்கின்சன்தானா என்பதையே டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும். பார்க்கின்சனைப் போலவே தோன்றும் வேறு நோய்கள் இருக்கின்றன, அவற்றுக்கு டி.பி.எஸ். உதவாது. ஆரம்பித்து நாலைந்து வருடமாவது ஆகட்டும் என்று டாக்டர்கள் காத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்குள் சாயம் வெளுத்துவிடும்.

ஜூன் 11

ஒரு அம்மா தன் மாமியாருக்கு ஆபரேஷன் ஆன பிறகு பேச்சு போய்விட்டது, லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய வம்பு என்று எழுதியிருக்கிறார். இதை மழுப்பக் கூடாது. நடக்கிறது. எனக்கும் நடந்தது.

மின்சாரம் கம்பி வைத்த அந்த ஒரு புள்ளியோடு நின்றுவிடுவதில்லை. பக்கத்தில் வாய்க்கும் நாக்குக்கும் போகிற நரம்பு நார்கள் இருக்கின்றன. அளவைக் கூட்டினால் காலுக்கு நல்லது, நாக்குக்குக் கெடுதல். குறைத்தால் வார்த்தை தெளியும், கால் இழுக்கும். புரோகிராம் செய்ய உட்காரும்போதெல்லாம் எனக்கும் டாக்டருக்கும் நடப்பது இந்தப் பேரம்தான். சந்தையில் கத்திரிக்காய்க்குக்கூட நான் இவ்வளவு பேரம் பேசியதில்லை.

என் குரல் இப்போது பாதி. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போனில் ஆர்டர் பேசுவதை மகனிடம் விட்டுவிட்டேன். கையில் வெர்னியர் பிடித்து அளவு பார்க்க முடிகிறது, ராத்திரி புரண்டு படுக்க முடிகிறது, அதற்கு இந்த விலை எனக்குச் சரி. ஆனால் எனக்குச் சரி என்பதை வாத்தியாருக்கும் வக்கீலுக்கும் ஓதுவாருக்கும் நான் சொல்ல மாட்டேன். பேச்சில் பிழைப்பு இருப்பவர்கள் இதை முதல் கேள்வியாகக் கேளுங்கள், கடைசிக் கேள்வியாக வேண்டாம்.

அம்மா, உங்கள் மாமியாருக்கு அளவைக் குறைத்தால் பேச்சு திரும்புகிறதா என்று பார்த்தார்களா? மின்சாரத்தால் வந்த குழறலா, நோய் முற்றியதால் வந்ததா என்பது சிறிது நேரம் அணைத்துப் பார்த்தாலே ஓரளவு தெரியும். டாக்டர் முன்னால் செய்ய வேண்டும், வீட்டில் வேண்டாம்.

ஜூன் 12

காலை ஒன்பது மணிக்குப் பழைய பார்ட்டி ஒருவர் போனில் என் குழறலைக் கேட்டுவிட்டு, "என்ன அண்ணா, இந்நேரத்துக்கேவா?" என்றார். நான் டீகூட இன்னும் குடிக்கவில்லை.

ஜூன் 20

எப்போது செய்வது என்பதற்கு வருகிறேன்.

பல வருடங்கள் டாக்டர்களிடமும் இருந்த எண்ணம் உங்கள் மாமா சொன்ன மாதிரிதான். எல்லா மருந்தும் பார்த்து முடித்த பிறகு. 2013-ல் ஜெர்மனியும் பிரான்சும் சேர்ந்து செய்த ஒரு ஆய்வு வெளிவந்தது. 251 பேர், 60 வயதுக்கு உட்பட்டவர்கள், மாத்திரை நிற்காத தொந்தரவு தொடங்கி மூன்று வருடத்துக்கு மேல் ஆகாதவர்கள். பாதிப் பேருக்கு ஆபரேஷனும் மருந்தும், மீதிப் பேருக்கு மருந்து மட்டும். இரண்டு வருடம் கழித்து ஆபரேஷன் ஆனவர்களின் வாழ்க்கைத் தர மதிப்பெண் 26 சதவீதம் முன்னேறியிருந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. 2016-ல் அமெரிக்காவில் நாலு வருட நோய்க்கே அனுமதி கொடுத்தார்கள்.

இதைப் படித்ததும் "அப்போ சீக்கிரம் செய்துவிடலாம்" என்று எனக்கும் தோன்றியது. பிறகு யோசித்தால், அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 52. உங்கள் அப்பா 66. அதை அப்படியே தூக்கி இவர்மேல் வைக்க முடியாது. அவருக்கு நெருக்கமானது 2009-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வு. 255 பேர், அதில் நாலில் ஒருவர் 70-ஐத் தாண்டியவர். ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஆறு மாதத்தில், உடம்பு ஆட்டமில்லாத நல்ல நேரம் நாளுக்கு சராசரியாக 4.6 மணி கூடியது. கூடவே கடுமையான பக்கவிளைவுகளும் அந்தப் பக்கத்தில்தான் அதிகம். ஒருவர் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். இரண்டையும் சேர்த்தே படியுங்கள். நாலரை மணி நேரம் என்பது சாதாரணமில்லை. தினமும் நாலரை மணி நேரம் கட்டிப்போட்டுக் கிடந்தவனுக்குத் தெரியும்.

டாக்டர்கள் மனக்கணக்காக ஒரு 5-2-1 சொல்வார்கள். ஒரு நாளைக்கு ஐந்து வேளை அல்லது அதற்கு மேல் லெவோடோபா, இரண்டு மணி நேரமாவது மாத்திரை இறங்கிய நிலை, ஒரு மணி நேரமாவது தொந்தரவான ஆட்டம். இதில் ஒன்று வந்தாலே அடுத்த கட்ட சிகிச்சை பற்றிப் பேச வேண்டிய நேரம் என்று அர்த்தம். பேச வேண்டிய நேரம் என்றுதான் சொன்னேன், அறுக்க வேண்டிய நேரம் என்று சொல்லவில்லை.

ஜூன் 29

"முழித்திருக்கும்போதா மண்டையில் துளை போடுவார்கள்?" ஆமாம். இப்போது சில இடங்களில் முழு மயக்கத்திலேயே ஸ்கேன் பார்த்துச் செய்கிறார்கள். எனக்கு முழித்த நிலையில்தான்.

துளை போடுவது வலிக்கவில்லை, அந்தச் சத்தம்தான் தாடை வரை அதிர்ந்தது. எனக்கு வலித்தது காலையில் தலையில் இரும்புச் சட்டம் மாட்டியபோது. நாலு ஸ்க்ரூ, மரப்பு ஊசி போட்டுத்தான் முறுக்குகிறார்கள். அந்த ஊசிதான் வலி. சட்டத்தின் மூன்று பக்கத்திலும் மில்லிமீட்டர் கோடுகள். ஸ்கேனில் இருக்கும் புள்ளியை அந்தக் கோடுகளுக்கு மாற்றி அளவு வைக்கிறார்கள். ஒருவர் அளவை வாசிக்க, இன்னொருவர் திருப்பி வாசித்து, மூன்றாவது ஆள் சரிபார்த்தார். என் பட்டறையில் ஒரு ஜாப்புக்குக்கூட இப்படி மூன்று பேர் பார்த்தது கிடையாது. அதைக் கேட்ட பிறகுதான் பயம் போனது.

உள்ளே இறங்கும் கம்பி ஒன்றே கால் மில்லிமீட்டர் சொச்சம், நுனியில் நாலு வளையம். அதற்கு முன்னால் மயிரிழை மாதிரி ஒன்றை இறக்கி நரம்பணுக்களின் சத்தத்தை ஸ்பீக்கரில் கேட்கிறார்கள். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிபடாத இடத்தில் வரும் இரைச்சல்தான். சரியான இடத்துக்குள் நுழைந்ததும் அது சட்டென்று அடர்த்தியாகிறது, எனக்கே வித்தியாசம் தெரிந்தது. கம்பியை இறக்கி மின்சாரம் கொடுத்தபடி டாக்டர் என் மணிக்கட்டை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் அந்த இறுக்கம் அவர் கையிலேயே இளகியது. "கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லுங்க" என்றார். சனி, வெள்ளி, வியாழன். இன்னும் கொஞ்சம் கூட்டியதும் உதடு ஒரு பக்கம் இழுத்தது. உடனே குறைத்தார். அந்த உதட்டு இழுப்பு வரும் அளவு என்ன என்று குறித்துக்கொண்டார்கள். பின்னாளில் புரோகிராம் செய்யும்போது எல்லைக்கோடு அதுதான்.

பேட்டரியை மயக்கம் கொடுத்துக் காறை எலும்புக்குக் கீழே வைத்தார்கள். வயர் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறங்குகிறது, தொட்டால் தட்டுப்படும்.

ஜூலை 6

பணம். யாரும் வாய் திறக்காத விஷயம், எல்லாரும் தனியாக மெசேஜில் கேட்கிற விஷயம்.

நான் விசாரித்தபோது தனியார் மருத்துவமனைகளில் பத்து லட்சத்துக்குக் கீழே யாரும் சொல்லவில்லை. அதில் பெரும்பங்கு மிஷினுக்குத்தான், டாக்டருக்கு இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா, பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற அரசு சார்ந்த நிறுவனங்களிலும் செய்கிறார்கள். அங்கே காத்திருக்கும் வரிசை உண்டு, ஆனால் சோதனை முறையில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நீங்கள் ஆபரேஷனுக்குத் தகுதியில்லை என்று சொல்லி அனுப்பவும் தயங்க மாட்டார்கள். "வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்த இடம்தான் நம்பத் தகுந்த இடம் என்பது என் கட்சி.

இன்சூரன்ஸ்: 2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நவீன சிகிச்சைகள் என்று ஒரு பட்டியல் போட்டு, அவற்றைப் பாலிசியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்றது. டி.பி.எஸ். அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் உச்சவரம்பு வைத்துக்கொள்ள இடம் விட்டார்கள். என் பாலிசியில் பொடி எழுத்தில், காப்பீட்டுத் தொகையில் பாதிதான் என்று இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் வாயால் கேட்டு, அவர்கள் வாயால் "எல்லாம் வரும் சார்" என்று சொல்லி, பில் கட்டும் கவுண்டரில் நின்றபோதுதான் பாதி என்று தெரிந்தது.

பேட்டரியில் இரண்டு வகை. சார்ஜ் செய்யாதது சாதாரணமாக மூன்று முதல் ஐந்து வருடம், தீர்ந்தால் நெஞ்சில் தோலைக் கீறி மாற்ற வேண்டும், மறுபடி செலவு. சார்ஜ் செய்வது பதினைந்து வருடம் வரை என்கிறார்கள், முதலில் விலை அதிகம். சார்ஜ் செய்ய நெஞ்சின் மேல் ஒரு வட்டை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை சீரியல் ஓடும் நேரத்தில் உட்காருகிறேன். வீட்டில் அதற்கு யாருமில்லாத, மறதி வந்துவிட்ட பெரியவர்களுக்குச் சார்ஜ் வகையை நான் சொல்ல மாட்டேன். பேட்டரி திடீரென்று நின்றால் எல்லா அறிகுறியும் ஒரேயடியாகத் திரும்பும், அது ஆஸ்பத்திரி அவசரம்.

ஜூலை 8

பட்டறை, வெல்டிங் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். ஆர்க் வெல்டிங், ஸ்பாட் வெல்டிங், இண்டக்‌ஷன் ஃபர்னஸ் இவற்றின் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்று மிஷினோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் வெல்டிங் செட்டை ஷெட்டின் மறுகோடிக்கு மாற்றிவிட்டேன். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு எரியும்போது நெஞ்சைக் கொண்டுபோய் அதன்மேல் சாய்க்காதீர்கள், அவ்வளவுதான். செல்போனுக்குப் பயப்பட வேண்டாம்.

ஆனால் எல்லாரும் படிக்க வேண்டியது இது. ஷார்ட்வேவ் டயதெர்மி. மூட்டு வலி, தோள் வலி என்று பிசியோதெரபி கிளினிக் போனால் சூடு கொடுப்பார்களே, அது. டி.பி.எஸ். வைத்தவர்களுக்கு அது அறவே கூடாது. அந்தச் சக்தி கம்பி வழியாக மூளைக்குள் இறங்கி உயிர்ச்சேதமே நடந்திருக்கிறது. மிஷினை அணைத்துவிட்டாலும் கூடாது. போன வருடம் முழங்கால் வலிக்குப் போன இடத்தில் ஒரு பையன் கேட்காமலேயே பேடை எடுத்து முழங்காலில் கட்ட வந்தான். சட்டையைத் திறந்து நெஞ்சில் பேட்டரி மேட்டைக் காட்டினேன். "முழங்காலுக்குத்தானே சார்" என்றான். முழங்காலுக்கும் கூடாது.

நோய் எனக்கு வந்ததே வலது தோள் இறுக்கமாகத்தான். ரொம்ப நாள் தோள்பட்டை வைத்தியம் பார்த்தார்கள், இதே ஷார்ட்வேவ்தான் கொடுத்தார்கள். அப்போது மிஷின் இல்லை, பிழைத்தேன்.

வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாலும் மிஷினோடு கொடுத்த கார்டைக் காட்டுங்கள். எந்த மாடலுக்கு எந்த எம்.ஆர்.ஐ. என்று கணக்கு இருக்கிறது.

ஜூலை 19

பேச்சு எங்கெங்கோ போகிறது. நீச்சல் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார், நல்ல கேள்வி.

2019-ல் சுவிட்சர்லாந்து டாக்டர்கள் ஒன்பது பேரைப் பற்றி எழுதினார்கள். எல்லாரும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள். டி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு நடை நன்றாக இருந்தும் தண்ணீருக்குள் கையும் காலும் ஒத்துழைக்கவில்லை. ஒருவர் மூழ்கப் போய்க் காப்பாற்றப்பட்டார். மிஷினை அணைத்ததும் நீச்சல் திரும்பியவர்களும் உண்டு. நான் சின்ன வயதில் எண்பதடிக் கிணற்றில் பல்டி அடித்தவன். இதைப் படித்துவிட்டு இடுப்பில் கயிறு கட்டி, மகனை மேலே நிறுத்தி வாய்க்காலில் இறங்கினேன். மிதந்தேன். நீந்தினேன் என்று சொல்ல முடியாது. கிணற்றுப் பக்கம் போவதை விட்டாயிற்று.

பழைய கதை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். இது ஏதோ நேற்று வந்த வெளிநாட்டு வித்தை என்று நினைக்காதீர்கள். 1960-களிலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர்கள் ராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம், கல்யாணராமன் ஆகியோர் தலையில் சட்டம் பொருத்தி, மூளைக்குள் குறி வைத்துச் சிறு இடத்தைச் செயலிழக்கச் செய்யும் ஆபரேஷன்களைச் செய்தவர்கள். அந்த ஆபரேஷனில், அழிக்கும் முன் இடம் சரிதானா என்று மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். 1987-ல் பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் பெனாபிட் என்ற டாக்டர் அப்படிப் பார்க்கும்போது, நொடிக்கு நூறு துடிப்பு அளவில் கொடுத்தால் நடுக்கம் நின்றுவிடுவதைக் கவனித்தார். அப்புறம் எதற்கு அழிக்க வேண்டும், கம்பியை உள்ளேயே விட்டுவிடலாமே என்று வந்ததுதான் டி.பி.எஸ். எனக்கு இப்போது ஓடுவது நொடிக்கு 130.

ஆகஸ்ட் 2

மனசு பற்றி.

பிராமிபெக்சோல் என்ற பார்க்கின்சன் மாத்திரை சாப்பிட்ட காலத்தில் ராத்திரி தூக்கம் போய், ஏலத்துக்கு வரும் பழைய மிஷின்களைத் தேடி வாங்கிக் குவித்தேன். ஓடாத ஷேப்பிங் மிஷின் இரண்டு இன்னும் ஷெட்டில் நிற்கின்றன, யாருக்காவது வேண்டுமா? அது மருந்தின் வேலை என்று தெரிய நாளாயிற்று. சிலர் ஆன்லைன் ரம்மியில் வீட்டையே வைத்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் இதைக் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நோயாளி சொல்ல மாட்டார், வீட்டில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

எந்த இடத்தில் கம்பி வைப்பது என்பதும் இதில் வருகிறது. எஸ்.டி.என்., ஜி.பி.ஐ. என்று மூளையின் ஆழத்தில் இரண்டு இடம். 2010-ல் 299 பேரை வைத்து ஒப்பிட்டார்கள். கை கால் அசைவில் பெரிய வித்தியாசம் இல்லை. எஸ்.டி.என்.னில் மாத்திரை அதிகம் குறைந்தது; மனச்சோர்வு விஷயத்தில் ஜி.பி.ஐ. கொஞ்சம் தேவலை. எனக்கு எஸ்.டி.என். மாத்திரை பாதியானது, ஏல ஆசையும் போனது. கூடவே எதிலும் ஒட்டாத ஒரு மந்தம் சில மாதங்கள் இருந்தது. பேத்தி பிறந்த செய்தி வந்தபோது "சரி" என்று மட்டும் சொன்னேனாம். மாத்திரையை வேகமாகக் குறைத்ததால் என்று சொல்லி ஒன்றைத் திரும்பக் கூட்டினார்கள். வீட்டில் இன்னும் அந்தச் "சரி"யைச் சொல்லிக் காட்டுகிறாள்.

ஏற்கெனவே ஞாபகம் பிசகியவர்களுக்கும், கட்டுப்படாத மனச்சோர்வு இருப்பவர்களுக்கும் இந்த ஆபரேஷன் வேண்டாம் என்பார்கள். அதனால்தான் மனநலச் சோதனை. அது வெறும் சடங்கு என்று சீக்கிரம் முடித்துவிடச் சொல்லாதீர்கள்.

ஆகஸ்ட் 3

பூனைக்காலி விதைப் பொடி போதுமே என்கிறார் ஒருவர். பூனைக்காலியில் இருப்பதே லெவோடோபாதான் ஐயா. அது வேலை செய்யும், அதுதான் பிரச்சினை. எந்தப் பொடியில் எவ்வளவு என்று தெரியாமல் சிண்டோபாவின் மேல் போட்டால் உடம்பு ஆடும். டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

ஆகஸ்ட் 15

தம்பி நோட்டின் படத்தை அனுப்பியிருக்கிறார். பிரமாதமாகக் கட்டம் போட்டிருக்கிறீர்கள்.

எனக்குத் தெரிவதைச் சொல்கிறேன். விழுந்த வட்டங்களில் பெரும்பாலானவை விடிகாலையிலும் மாத்திரைக்கு முந்தின அரை மணியிலும் இருக்கின்றன. அவை குறைய வாய்ப்பிருக்கிறது. ஆனால் காலை பதினோரு மணி வாக்கில், நன்றாக இருக்கிறார் என்று குறித்த கட்டங்களுக்குள்ளேயே சில வட்டங்கள் இருக்கின்றன. வாசல்படியில், குளியலறைத் திருப்பத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு விழுந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அவை ஆபரேஷனுக்குப் பிறகும் இருக்கும். பேச்சும் அப்படியே. இதை அப்பாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "எல்லாம் சரியாகிவிடும்" என்று நம்ப வைத்துப் படுக்க வைத்தால், நல்லபடி முடிந்த ஆபரேஷனும் வீட்டில் தோல்வியாகிவிடும்.

நீங்கள் இதுவரை எழுதியதில் அப்பா என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. மாமா சொன்னது இருக்கிறது, டாக்டர் சொன்னது இருக்கிறது. அவருக்கு எது திரும்ப வேண்டும் என்று கேட்டீர்களா?

செப்டம்பர் 9

சேலஞ்ச் முடிந்து மதிப்பெண் 46-லிருந்து 22-க்கு இறங்கியது, மனநலச் சோதனையிலும் குறையில்லை என்று தம்பி எழுதியிருக்கிறார். பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது, நல்ல பலன். அப்பாவிடம் கேட்டதற்கு, "நடை போனால் போகட்டும், ராத்திரி நானாகப் புரண்டு படுக்கணும், பந்தியில் உட்கார்ந்து அடுத்தவன் ஊட்டாமல் சாப்பிடணும்" என்றாராம். இரண்டுமே இந்த மிஷின் தரக்கூடியவை. அவர் கேட்டது கிடைக்கக்கூடிய பொருள் என்பதால் நான் இதற்கு எதிராக ஒன்றும் சொல்லப்போவதில்லை. மாமா இன்னும் முறைத்துக்கொண்டிருந்தால் அவரையும் அடுத்த முறை டாக்டரிடம் அழைத்துப் போய், சேலஞ்சில் எடுத்த வீடியோ இருந்தால் காட்டச் சொல்லுங்கள்.

சில விஷயங்கள் இப்போதே தெரிந்திருக்கட்டும். ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்கள், மிஷினை ஆன் செய்யாமலேயே அப்பா நன்றாக இருக்கக்கூடும். கம்பி போன இடத்தில் வரும் லேசான வீக்கத்தின் வேலை அது. வாரங்களில் வடிந்துவிடும், பழையபடி ஆகும். எங்கள் வீட்டில் அப்போது ஒரே அழுகை, பணம் போச்சு என்று. அதனால் முதல் வாரத்தில் ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

மிஷினை ஆன் செய்வது சில வாரம் கழித்துத்தான். அளவு படிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். தஞ்சாவூரிலிருந்து எத்தனை தடவை போய்வர வேண்டியிருக்கும், புரோகிராம் செய்பவர் யார், அவர் லீவில் போனால் யார் என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வையுங்கள். ஆபரேஷன் செய்பவர் பெயரை எல்லாரும் விசாரிக்கிறார்கள். பிறகு வருடக்கணக்கில் நாம் முகம் பார்க்கப் போவது புரோகிராம் செய்பவரைத்தான்.

மூளையின் அலையை மிஷினே படித்துத் தானாக அளவை மாற்றிக்கொள்ளும் முறைக்கு அமெரிக்காவில் இந்த பிப்ரவரியில் அனுமதி கிடைத்திருக்கிறது. அது வரட்டும் என்று காத்திருக்கலாமா என்று கேட்கிறீர்கள். இப்போது வைக்கப்போகும் மாடலில் அந்த வசதிக்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் பிறகு திறந்துகொள்ளலாம். அதற்காக மட்டும் 66 வயதுக்காரரைக் காக்க வைக்க மாட்டேன்.

மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை நாலைந்து எடுத்து வையுங்கள், தையல் இருக்கும்போது பனியனைத் தலை வழியாக மாட்ட முடியாது.